அம்மன் காதில் நான் சொன்னது

பகல் பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் மறுபடி நாலரைக்குத்தான் திறப்பேன். இடையில் இருக்கிற நாலு மணி நேரத்தில் சாப்பாட்டுக்கு அரை மணி போனால் மீதி என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூஜை நேரத்தில் பூசாரி செல்போனை நோண்டிக்கொண்டிருந்தான் என்று கமிட்டியில் ஒருவர் பேசியதாகக் காதில் விழுந்தது. அது பொய். பூஜை நேரத்தில் என் போன் விபூதித் தட்டுக்குப் பின்னால் அணைந்து கிடக்கும். இருபது வருஷப் பூசாரிக்கு அந்த அளவு பயபக்தி உண்டு.

தலைவர் பச்சமுத்து ஐயாவும் கமிட்டிக்காரர்களும் என்னிடம் கேட்டிருப்பது ஒரே கேள்வி. போன வெள்ளிக்கிழமை தேவிப்ரியா பூக் கேட்டபோது இரண்டு பொட்டலத்திலும் சிவப்புப் பூ இருந்தது எப்படி என்று எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். இரண்டே வார்த்தையில் பதில் எழுதிவிடலாம். ஆனால் அப்படி எழுதினால் நான் அந்தப் பெண்ணின் கல்யாணத்தைக் கெடுக்க நினைத்தவன் போல் ஆகிவிடும். யாரிடமோ கை நீட்டி வாங்கிவிட்டேன் என்றுகூடப் பேச்சு அடிபடுகிறது. ஒரு பைசா வாங்கவில்லை. தேவிப்ரியா மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அதனால் நடந்ததை நடந்தபடி, முதலில் இருந்து எழுதுகிறேன். தாள் கொஞ்சம் கூடுதலாக ஆகும்.

பூக் கேட்பது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். நாளைக்கு இந்தக் காகிதம் வெளியூர்க்காரர் கைக்குப் போனாலும் போகலாம் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஏரிக்கரை அம்மனைக் குலதெய்வமாகக் கும்பிடுகிறவர்கள் கல்யாணம், கிணறு, ஆபரேஷன் எதுவானாலும் அவள் உத்தரவு இல்லாமல் செய்யமாட்டார்கள். வெள்ளிக்கிழமை வருவார்கள். ஒரு வெள்ளிக்கு ஒரு கேள்விதான். கேள்வியை என்னிடம் சொல்வார்கள். நான் திரையை இழுத்துவிட்டு உள்ளே போய், வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம் என்று பூவரசு இலையில் மடித்து வாழைநாரால் கட்டி அம்மன் காலடியில் வைப்பேன். பிறகு அவர்கள் கேள்வியை அம்மனின் வலது காதில் சொல்வேன். திரையைத் திறந்ததும் அந்தக் குடும்பத்துப் பெண் ஒருத்தி ஒரு பொட்டலத்தை எடுப்பாள். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, அப்படியே ஏரியில் விட்டுவிட வேண்டும். சிவப்பு வந்தால் நாற்பத்தெட்டு நாள் கழித்து மறுபடி கேட்கலாம். மூன்று தடவையும் சிவப்பு என்றால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

இதில் அம்மன் காதில் கேள்வியைச் சொல்வது மட்டும் என் வேலை. மற்றதெல்லாம் அவர்களுக்கும் அவளுக்கும் உள்ளது.

இனி விளையாட்டு. அதன் பெயரை எழுதவில்லை, அதைச் செய்தவர்களுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. போனில் இறக்கிக்கொள்ளலாம். ஒரு பெரிய தேசம். ஏழு கோட்டைகள். உலகம் முழுக்க இருந்து ஆட்கள் உள்ளே வந்து ஆளுக்கொரு வேஷம் கட்டிக்கொண்டு, கூட்டம் சேர்த்து, பூதங்களை அடித்துக் கோட்டைகளைப் பிடிக்கிறார்கள். எனக்குக் கூட்டம் ஆகாது. காலையிலிருந்து கற்பூரத் தட்டை நீட்டி, எல்லார் குறையையும் கேட்டு, எல்லார் நெற்றியிலும் விபூதி பூசுகிறவனுக்கு மத்தியானமாவது ஒரு முகத்தையும் பார்க்காமல் இருக்கத் தோன்றாதா. தனியாக விளையாடுவது என்று முடிவு செய்துதான் உள்ளே போனேன். அதற்குச் சோலோ என்று பெயர்.

பத்தாம் லெவல் வரை சும்மா சுற்றலாம். அதற்கு மேலே போக வேண்டுமானால் ஒரு கிளாஸ் எடுக்க வேண்டும். அதாவது நீ யார் என்பதைச் சொல்லியாக வேண்டும். அவர்கள் ஆங்கிலத்தில் வைத்திருந்த பெயர்களை நான் எனக்குப் புரிகிற மாதிரி மாற்றிக்கொண்டேன். கேடயக்காரன் அடி வாங்குவான், அசையமாட்டான். வில்லாளி தூர நின்று அடிப்பான். மந்திரக்காரன் நெருப்பும் பனியும் விடுவான், ஊதினால் விழுந்துவிடுவான். எலும்புக்காரன் செத்தவர்களின் எலும்புக்கூட்டை எழுப்பித் தனக்காகச் சண்டை போட வைப்பான். ஐந்தாவது வைத்தியச்சி. அடிக்கத் தெரியாது, அடுத்தவர் காயத்தை ஆற்றத்தான் தெரியும். ஒரு முறை எடுத்தால் எடுத்ததுதான், மாற்ற முடியாது.

தனியாக விளையாட எது சரி என்று யூடியூபில் கேட்டுப் பார்த்தேன். ஒருவன் கேடயக்காரன் என்கிறான். அவனைக் கிண்டல் செய்துவிட்டு இன்னொருவன் வில்லாளி என்கிறான். நாற்பது நிமிஷம் பேசிவிட்டு அவரவர் விருப்பம் என்று முடிக்கிறான் மூன்றாமவன். நம் கமிட்டிக் கூட்டத்தை நீங்கள் யோசித்துக்கொண்டால் போதும். வைத்தியச்சியை எடுத்துத் தனியாக விளையாடுகிறவன் முட்டாள் என்பதில் மட்டும் எல்லாரும் ஒற்றுமையாக இருந்தார்கள். அதனால் அவளைத் தள்ளிவிட்டேன். மீதி நாலு.

மண்டை காய்ந்து போயிற்று. அம்மனிடம் போவதற்கு முன்பே பத்தாம் லெவலில் ஒரு மரத்தடியில் பதினெட்டு நாள் நின்றேன். சின்ன விஷயம் என்று நீங்கள் நினைக்கலாம். மாற்ற முடியாத முடிவு எதுவும் சின்னதில்லை என்று சொல்லித்தான் நாம் ஊர் ஊராக ஆட்களை இந்தக் கோயிலுக்கு வரவைக்கிறோம்.

முதலில் நானே பூப் போட்டேன். ஒரு மத்தியானம் நடையை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, நாலு கிளாஸுக்கும் ஒவ்வொன்றாகக் கேட்டேன். நாலுக்கும் வெள்ளை வந்தது. கோபப்பட்டு வைத்தியச்சிக்கும் கேட்டேன், அதற்கும் வெள்ளை. பல்லிகூடச் சத்தம் கொடுக்கவில்லை. அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. மத்தியான வேளையில் ஒரு பூசாரி சும்மா வந்து கேட்டால் அவள் ஏன் காது கொடுக்கப் போகிறாள். வயிறு எரிந்து, கண் கலங்கி, வாசலில் நின்று துடிக்கிறவர்கள் கேட்டால்தான் அவள் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல்வாள். இருபது வருஷமாகப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

தை மாசம் மூன்றாவது வெள்ளியன்று தேவிப்ரியா வீட்டார் வந்தார்கள்.

ஆட்டையாம்பட்டிக் குடும்பம். அப்பா தனசேகர் விவசாயம் பார்க்கிறார். அத்தை செல்லியம்மாள்தான் அந்த வீட்டில் எல்லாம். தேவிப்ரியா சேலத்தில் ஒரு லேப்பில் ரத்தப் பரிசோதனை வேலை பார்க்கிறாள். பள்ளிபாளையத்தில் ரமேஷ்குமார் என்று ஒரு பையன், ஒரு நெசவு மில்லில் இரவு ஷிப்டு சூப்பர்வைசர். இரண்டு பேரும் மூன்று வருஷமாகப் பழகி, இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைத்து, ஜாதகமும் பார்த்து, மண்டபம்வரை பேசியாகிவிட்டது. அம்மன் உத்தரவு ஒன்றுதான் பாக்கி. நம் பக்கம் பெண் வீட்டார்தானே கேட்பது, அதனால் பையன் வீட்டில் இருந்து யாரும் வரவில்லை. ரமேஷ்குமாரை நான் பார்த்ததே இல்லை என்பதைக் கமிட்டி கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

“கேக்கறது ஒரு சம்பிரதாயத்துக்குத்தானுங்க, வெள்ளைதான் வரும்” என்று செல்லியம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னார். தேவிப்ரியா சிரிக்கவில்லை. கையைக் கூப்பிக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. என் சர்வீஸில் அப்படி ஒரு வேண்டுதலை நான் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான் பார்த்திருக்கிறேன். திரைக்குள்ளே போனேன். அம்மன் முகம் அன்றைக்கு விழித்திருந்த மாதிரி இருந்தது. இந்தச் சமயம் போனால் வராது என்று தோன்றியது.

குனிந்து அம்மன் காதில் சொன்னேன். அம்மா, நான் கேடயக்காரனை எடுக்கட்டுமா.

செல்லியம்மாள் எடுத்தார். சிவப்பு. அந்த நிமிஷமே உத்திரத்தில் பல்லி கத்தியது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஐந்து முறை வெள்ளை கொடுத்துக் கேலி செய்தவள் இந்த முறை நிஜமாகவே பதில் சொல்லிவிட்டாள். கேடயக்காரன் இல்லை என்பதும் யோசித்தால் நியாயமாகத்தான் இருந்தது, தனியாக விளையாடுகிறவன் யாருக்காக அடி வாங்குவது. வெளியே அவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். நாற்பத்தெட்டு நாள் கழித்து மறுபடி கேட்கலாம் சாமி என்று நான்தான் தேற்றி அனுப்பினேன்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நடுவில் வேறு குடும்பங்கள் வந்தன. ஒருவர் கிணறு கேட்டார், ஒருவர் மூட்டு ஆபரேஷன் கேட்டார். அவர்கள் கேள்வியை நான் தொடவே இல்லை. ஒரு எழுத்து பிசகாமல் அம்மன் காதில் சேர்த்தேன். ஆளுக்கு ஒரு வில்லங்கம் என்று எல்லாரையும் கெடுப்பதைவிட, ஒரே குடும்பத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் முறை என்று முடிவு செய்திருந்தேன். தவிர, தேவிப்ரியா கும்பிடுகிற மாதிரி அவர்கள் யாரும் கும்பிடவில்லை.

பங்குனியில் வந்தார்கள். அவள் நாற்பத்தெட்டு நாளும் ஒருவேளைச் சாப்பாடு. கன்னம் ஒட்டிப் போயிருந்தது. வில்லாளியைப் பற்றிக் கேட்டேன். சிவப்பு. சித்திரைக் கடைசியில் வந்தார்கள். ஆட்டையாம்பட்டியில் இருந்து நடந்தே வந்திருந்தாள், காலெல்லாம் கொப்புளம். தனசேகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “பூசாரிங்க, நல்லா எடுத்துச் சொல்லுங்க. எம்புள்ளை தாங்காதுங்க” என்றார். நான் சொல்கிறேன் என்றேன். சொல்லவும் செய்தேன். மந்திரக்காரனைப் பற்றி அவ்வளவு உருக்கமாக இதற்கு முன் அம்மனிடம் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். சிவப்பு.

தேவிப்ரியா கோயில் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்க ஒரு மணி நேரம் ஆனது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். நடை சாத்த நேரமாகிவிட்டதே என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கு என் விளையாட்டு நேரத்தில் ஒரு மணி நேரம் போயிற்று. பொறுத்துக்கொண்டேன்.

அன்று மத்தியானமே எலும்புக்காரனை எடுத்தேன். அம்மனே மூன்றைத் தள்ளிவிட்டு எனக்குக் காட்டிய கிளாஸ் அது. எவ்வளவு பொருத்தம் என்று பாருங்கள். எலும்புக்கூடுகள் கூடவே வரும், முன்னால் நின்று அடி வாங்கும், செத்தால் வேறொன்றை எழுப்பிக்கொள்ளலாம். வாய் திறந்து ஒரு கேள்வி கேட்காது.

ஆனால் முதல் கோட்டையிலேயே செத்தேன். மறுநாளும் செத்தேன். ஒரு வாரத்தில் முப்பத்தோரு தடவை. எலும்புக்கூடுகள் சரசரவென்று உதிர்ந்துவிடும், பிறகு பூதம் என்னிடம் வரும். அப்படி ஒரு நாள் உயிர் ஒரு நூலளவு இருக்கும்போது எங்கிருந்தோ பச்சை வெளிச்சம் வந்து என் மேல் விழுந்தது. உயிர் மளமளவென்று ஏறியது. பூதத்தை அடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒரு வைத்தியச்சி. பச்சை அங்கி, கையில் சின்ன விளக்கு. தலைக்கு மேல் பெயர் வெள்ளைப்பூ. தமிழ் ஆள் போலிருக்கிறது என்று மட்டும் நினைத்தேன். வேறொன்றும் தோன்றவில்லை என்பதுதான் உண்மை.

கீழே எழுத்து வந்தது. “அண்ணா, ஹீல் வேணுங்களா?” வைத்தியம் வேண்டுமா என்று அர்த்தம்.

“வேண்டாமுங்க. நான் சோலோ” என்று அடித்தேன்.

“சரிங்ணா. நான் சும்மா பின்னாடி வாரேன்.”

வந்தான். ஆண்தான், பெண் வேஷம் கட்டியிருந்தான், இரண்டாம் நாளே சொல்லிவிட்டான். ராத்திரி வேலைக்குப் போகிறவன், அதனால் மத்தியானம் ஓய்வு என்றான். நான் அதிகம் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த விளையாட்டில் கூட்டுச் சேர்வதற்கென்று ஒரு பட்டன் உண்டு. அதை நான் கடைசிவரை அமுக்கவே இல்லை. அவன் அனுப்புவான், நான் தள்ளிவிடுவேன். ஆகவே சட்டப்படி பார்த்தால் நான் இந்த மூன்று மாதமும் தனியாகத்தான் விளையாடியிருக்கிறேன்.

இரண்டாம் கோட்டை வைகாசியில் விழுந்தது. மூன்றும் நாலும் ஆனியில். நடை சாத்தியதும் நான் சோற்றை இரண்டு வாயில் போட்டுக்கொண்டு ஓடி வருவேன். அவன் அதற்கு முன்பே வந்து கோட்டை வாசலில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பான். ஒருநாள் நான் பத்து நிமிஷம் தாமதம். “என்னங்ணா, ஒடம்புக்குச் சொகமில்லீங்களா?” என்றான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தாமதமாக வந்தால் ஏன் என்று கேட்கிற ஆள் எனக்கு ஊரில் கிடையாது. அன்றைக்கு விளையாட்டில் நான் ஒன்றும் சரியாகச் செய்யவில்லை. ஏனோ கண் கரித்துக்கொண்டே இருந்தது.

ஆடி பிறந்த பிறகு ஒரு நாள், ஐந்தாம் கோட்டைக்குப் போகிற வழியில் நானே கேட்டுவிட்டேன். தனியாக விளையாட யாராவது வைத்தியச்சியை எடுப்பார்களா என்று.

“ஏதோ ஒரு ஆளுக்காச்சும் நாம தேவைப்படோணுமில்லீங்ணா” என்று எழுதினான். கொஞ்ச நேரம் கழித்து, “எனக்குக் கல்யாணம் நிச்சயமாக இருந்துச்சுங்க. கோயில்ல உத்தரவு வரலீங்க. அன்னைக்கு டவுன்லோடு பண்ணினதுங்க இது” என்றான்.

“எந்தக் கோயிலுங்க?” என்று அடித்தேன்.

“சேந்தமங்கலம் போற ரோட்டுல ஏரிக்கரை அம்மன்ங்ணா. மூணு தடவை கேட்டாங்க. மூணும் செவப்பு. அதனாலதானுங்க வெள்ளைப்பூன்னு பேரு வெச்சேன்.”

நான் அப்படியே நின்றுவிட்டேன். பக்கத்துக் காட்டில் இருந்து இரண்டு பூதங்கள் வந்து என் எலும்புக்கூடுகளை உடைத்து, என்னையும் அடிக்க ஆரம்பித்தன. நான் விரலை அசைக்கவில்லை. அவன்தான் ஐந்து நிமிஷம் ஓயாமல் பச்சை வெளிச்சத்தை என் மேல் ஊற்றிக்கொண்டே இருந்தான். “அண்ணா, நெட்டு போச்சுங்களா? பயப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்” என்று எழுத்து வந்துகொண்டிருந்தது. அன்றைக்கும் அவன் என்னைச் சாக விடவில்லை.

சொல்லியிருக்கலாம். அந்த மூன்று பதிலும் உனக்கு வந்தது இல்லை தம்பி, எனக்கு வந்தது, உன் கேள்வியை அம்மனிடம் யாரும் இன்னும் கேட்கவே இல்லை என்று ஒரு வரி அடித்திருக்கலாம். விரல் வரைக்கும் வந்தது. ஆனால் ஐந்தாம் கோட்டை பாதியில் இருந்தது. பாதியில் விட்டால் முதலில் இருந்து வர வேண்டும். எனவே, “அம்மன் எதையும் காரணம் இல்லாமப் பண்ணமாட்டா சாமி” என்று எழுதினேன். அவன், “நீங்க சொன்னா மனசுக்கு ஆறுதலா இருக்குதுங்ணா” என்றான். ஆறுதல் கொடுப்பதும் என் தொழில்தானே.

பிறகுதான் தேவிப்ரியா கமிட்டிக்கு மனுக் கொடுத்தாள். நாலாவது முறை கேட்க அனுமதி வேண்டும் என்று. நீங்கள் இரண்டு கூட்டம் போட்டு, சண்டை போட்டு, ஆவணி முதல் வெள்ளி என்று முடிவு செய்தீர்கள். அன்று மத்தியானமே செய்தி விளையாட்டுக்குள் வந்துவிட்டது. அவன் எழுத்தில் எழுத்துப்பிழை கூடிப்போயிருந்தது, அவ்வளவு சந்தோஷம்.

“இந்தத் தடவை வெள்ளை வந்துருமுங்ணா. எனக்குத் தெரியுமுங்க.”

“வந்தா நல்லதுங்க.”

“வந்துருச்சுன்னா இந்த ஐடியை அழிச்சுப்போடுவேனுங்க. ஊட்டுல ஒரு ஆளு வந்தப்புறம் இது எதுக்குங்ணா. ஆனா உங்களை மறக்கமாட்டேன்.”

அப்போது நாங்கள் ஆறாம் கோட்டையைப் பிடித்து முடித்திருந்தோம். மாடத்தில் நின்றால் தூரத்தில் ஏழாவது தெரியும். கறுப்புக் கல், உச்சியில் நெருப்பு. அதைப் பார்த்துக்கொண்டே அவன் இதைச் சொன்னான்.

ஆவணி முதல் வெள்ளிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. ஒன்பது நாளில் ஏழாம் கோட்டையைப் பிடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பிடித்திருந்தால் இந்தக் காகிதத்துக்கே வேலை இருந்திருக்காது. முதல் வாசலைக்கூடத் தாண்ட முடியவில்லை. அவன் கவனம் விளையாட்டில் இல்லை, கல்யாணப் பத்திரிகைக்கு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். நடுச் சண்டையில் எனக்குப் படம் அனுப்பி, “மஞ்சளா, சந்தனக் கலராங்ணா?” என்பான். நான் செத்துக்கொண்டே சந்தனம் என்று அடிப்பேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. நீங்கள் எல்லாரும் இருந்தீர்கள். செல்லியம்மாள் பொட்டலம் எடுக்க முன்னால் வந்தார். தேவிப்ரியா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “மூணு தடவை நீங்க எடுத்தீங்கத்தை. இன்னைக்கு நானே எடுக்கறேன்” என்றாள். அவள் அன்றைக்கு அழவில்லை. நான் திரையை இழுத்துவிட்டேன்.

அரளிக் கூடையில் வெள்ளையும் இருந்தது. பார்த்தேன். கையில் எடுத்தும் பார்த்தேன், நல்ல பூ, பனி ஈரம் காயாமல் இருந்தது. அதைத் திரும்பக் கூடையில் போட்டேன். சிவப்பில் இரண்டு எடுத்தேன். இலையில் மடித்தேன். நார் முடிச்சு வழக்கத்தைவிட நன்றாகவே விழுந்தது. பிறகு அம்மனிடம் குனிந்தேன். இதைக் கமிட்டி நம்ப வேண்டும். நாலு முறையில் அந்த ஒரு முறை மட்டும் நான் தேவிப்ரியாவின் கேள்வியை, அவள் பெயர், அவன் பெயர், குலம், ஊர் எல்லாம் சேர்த்து, முறைப்படி முழுசாகச் சொன்னேன். இன்ன பதில்தான் வரும் என்று தெரிந்துவிட்டால் ஒரு கேள்வியை எவ்வளவு நிம்மதியாகக் கேட்க முடிகிறது.

அவள் எடுத்தாள். பிரித்தாள். சிவப்பு. பெண்கள் குலுங்கி அழ ஆரம்பித்தார்கள். அவள் மட்டும் அந்தப் பூவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து மற்றப் பொட்டலத்தையும் எடுத்தாள். பிரிக்கக் கூடாது அம்மணி என்று தலைவர் ஐயா சொன்னது அவள் காதில் விழுந்ததா தெரியவில்லை.

“ஒரே மாதிரி ரிசல்ட்டு நாலு தடவை வந்தா, நாங்க அடுத்த டியூபையும் பாத்துப்போட்டுத்தானுங்க எழுதுவோம்” என்றாள். பிரித்தாள். அதுவும் சிவப்பு.

அவள் அம்மனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். “பூசாரிங்க,” என்றாள், குரல் உயரவே இல்லை. “நீங்க அம்மங்கிட்ட என்னங்க கேட்டீங்க?”

யாருக்கும் கேட்கத் தோன்றாத கேள்வி அது. இருபது வருஷத்தில் ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை. அதற்குப் பதில் இதுதான். முதல் முறை கேடயக்காரன். இரண்டாம் முறை வில்லாளி. மூன்றாம் முறை மந்திரக்காரன். நாலாவது முறை அவள் கேள்வியேதான், ஆனால் பதில் என்னுடையது.

கமிட்டி என்ன தண்டனை கொடுத்தாலும் சம்மதம். சாவிக்கொத்தை உண்டியல் மேல் வைத்துவிட்டேன். கல்யாணத்தைத் தாராளமாக நடத்துங்கள். அம்மன் அவர்களுக்கு இல்லை என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை, சாட்சி நான். இந்தக் காகிதத்தை அந்தப் பையனிடமும் படித்துக் காட்டுவீர்கள். எலும்புக்காரன் அண்ணன் யார் என்று அவனுக்கு அப்போதுதான் தெரியும். திட்டட்டும். அவனுக்கு உரிமை இருக்கிறது.

ஒன்றே ஒன்று மட்டும் அவனிடம் சொல்லுங்கள். ஐடியை அவசரப்பட்டு அழித்துவிட வேண்டாம். வெள்ளிக்கிழமையில் இருந்து கோட்டை வாசலில் விளக்கைக் காணவில்லை. நேற்று அங்கே எட்டுத் தடவை செத்தேன். எனக்கு யார் துணையும் தேவையில்லை, அது எல்லாருக்கும் தெரியும். ஏழாம் கோட்டைக்கு நான் தனியாகத்தான் போவேன். அவன் சும்மா பின்னால் வந்தால் போதும்.

இப்படிக்கு,
அருணகிரி, பூசாரி.